எந்தத் தண்ணி

போன மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. திருவொற்றியூரில் நான் நர்ஸாக வேலை பார்த்த இரும்பு வார்ப்பு ஆலையின் மருத்துவ அறையில் இப்போது இருக்கிற பெண் பேசினாள். வெயில் வருகிறது, தொழிலாளர்களைக் கூட்டி வைத்துக் கொஞ்ச நேரம் பேச வேண்டுமாம். ஒவ்வொரு ஷெட்டிலும் புதிதாகக் குளிர்ந்த தண்ணீர் மெஷின் வைத்திருக்கிறார்களாம். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள் என்று பெரிய பலகை மாட்டியிருக்கிறார்களாம். "மேடம், நெறைய தண்ணி குடிங்கன்னு சொன்னா போதும்தானே?" என்று கேட்டாள். போதாது என்றேன். ஏன் என்றாள். சொல்ல ஆரம்பித்து, பாதியில் அழுகை வந்து, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். எழுதும்போது அழுதால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அதனால் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் காசிமேட்டில் பிறந்தவள். அம்மாவுக்குக் கருவாட்டு வியாபாரம். வெள்ளைச் சேலை கட்டும் வேலைக்குப் போனால் மீன் கவிச்சி போய்விடும் என்று நினைத்து நர்ஸிங் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தில் கற்றுக்கொண்டது ஊசி போடுவதும் மேட்ரனுக்குப் பயப்படுவதும்தான். கல்யாணமாகிக் காலடிப்பேட்டைக்கு வந்தேன். பக்கத்திலேயே வேலை கிடைத்தது. அதற்கப்புறம் ரிட்டையர் ஆகும்வரை தீப்புண், கண்ணில் விழுந்த தூசி, நசுங்கிய விரல், மயக்கம் என்று அந்த அறையிலேயே என் காலம் போனது.

மருத்துவ அறைக்கு டாக்டர் சங்கரபாண்டியன் பொறுப்பு. தெற்கத்திக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பதில் சரியில்லையென்றால் அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்பார். மூன்றாம் தடவை கேட்கும்போது நமக்கு வியர்த்துவிடும். யார் வந்தாலும் முதலில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, வந்தவன் கண்ணுக்கு நேராக உட்காருவார். நாக்கை நீட்டச் சொல்வார். விரல்களைப் பிடித்துப் பார்ப்பார். முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்ப்பார். அப்புறம்தான் பேச்சு. என்ன சாப்பிட்டாய், என்ன குடித்தாய், இந்த இரண்டுக்கும் பதில் வராமல் ஸ்டெதஸ்கோப்பைக் கையில் எடுக்க மாட்டார்.

எங்கள் பக்கத்தில் தண்ணி என்றால் இரண்டு உண்டு. தாகத்துக்குக் குடிப்பது ஒன்று, சாராயக் கடையில் வாங்கிக் குடிப்பது இன்னொன்று. தண்ணி போட்டான், தண்ணி பார்ட்டி என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். டாக்டருக்கு இது ஒத்துவரவே இல்லை. "தண்ணி குச்சேன் சார்" என்று எவனாவது சொன்னால் உடனே, "எந்தத் தண்ணிங்கேன்?" என்பார். ஷெட்டில் இது பெரிய கேலி. கேன்டீனில் டீ கேட்டால்கூட, "எந்த டீங்கேன்?" என்று அவர் மாதிரியே பேசிக் காட்டுவார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு தடவை ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் வயிற்றுப்போக்கோடு வந்தார். உப்பு சர்க்கரைப் பொடிப் பாக்கெட்டுகளைக் கொடுத்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்று என்று சொல்லி அனுப்பினேன். மனுஷன் எல்லாப் பாக்கெட்டையும் ஒரே டம்ளரில் கொட்டிக் கலக்கிக் குடித்துவிட்டார். கெட்டியாக இருந்தால் சீக்கிரம் கேட்கும் என்று நினைத்தாராம். போக்கு அதிகமாகி, நாக்கு ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தார். டாக்டர் அவரைத் திட்டவில்லை. சரியான அளவில் கலந்து கொடுக்க வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், உங்க வீட்ல கருவாடு போடுவாகள்லா?"

"ஆமா சார்."

"மீன்ல உப்பத் தடவி வச்சா என்ன ஆவுது?"

"தண்ணி கசிஞ்சு வெளிய வரும்."

"யாரு புழிஞ்சா?"

"யாரும் புழியல சார்."

"அதான். இவன் குடல்லயும் அதான் நடந்துச்சு. உள்ள இருந்த தண்ணிய உப்பும் சக்கரையும் வெளிய இழுத்துட்டு."

அன்றைக்கு அவர் சொன்னதை மறக்கவே இல்லை. உடம்பில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. தண்ணீர் அதன் வழியாகப் போய் வரும். உப்பு அப்படித் தன் இஷ்டத்துக்குப் போய் வர முடியாது. அதனால் எந்தப் பக்கம் உப்பு கூடுதலாகக் கரைந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகத் தண்ணீர் நகரும். வெளியே உப்பு கூடினால் செல் சுருங்கும். வெளியே உப்பு குறைந்தால் தண்ணீர் உள்ளே போய், ஊறப்போட்ட உலர்ந்த திராட்சை போலச் செல் உப்பிப் போகும். "தண்ணிய நாம ஊத்தலாம் சிஸ்டர். அது எங்க போய்ச் சேரணும்னு உப்புதான் சொல்லும்" என்றார். கருவாட்டு வாசனையில் வளர்ந்தும் எனக்கு இது அதுவரை தோன்றியதில்லை.

இனி ஏழுமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஏழுமலை உலைப் பகுதியில் வேலை. வியாசர்பாடி வீட்டுவசதிக் குடியிருப்பில் வீடு. நல்ல வேலைக்காரன், நல்ல குடிகாரன். இரண்டையும் எல்லோரும் ஒரே மூச்சில் சொல்வார்கள். குடித்தால் சண்டை போட மாட்டான், பாட்டுப் பாடுவான், அழுவான், விழுந்து கிடப்பான். அவன் மனைவி கஸ்தூரி பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் மகள் பவானியைத் தூக்கிக்கொண்டு புளியந்தோப்பில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஏழுமலை குடியை விட்ட பிறகுதான் திரும்பி வந்தாள். இன்னொரு தடவை தொட்டால் வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

அவனும் தொடவில்லை. ஆடி மாதம் அவர்கள் தெரு அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டான். தீ மிதிப்பதாக வேண்டுதல். மஞ்சள் கயிற்றை என்னிடம் நீட்டிக் காட்டி, "பாத்துக்க சிஸ்டரு, அம்மனாண்ட வாக்கு குட்த்துட்டேன். இனிமே நம்ம ரூட்டே வேற" என்றான். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம். காப்புக் கட்டியவர்கள் அவர்கள் தெருவில் உப்பில்லாமல்தான் சாப்பிடுவார்கள். கஸ்தூரி தனியாகச் சட்டி வைத்து உப்பில்லாமல் ஆக்கிக் கொடுத்தனுப்பினாள்.

உலைப் பகுதியில் வேலை செய்கிறவன் பனியனைப் பிழிந்தால் வியர்வை ஒழுகும். காய்ந்த பிறகு முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அதற்காகவே கேன்டீனிலிருந்து உப்புப் போட்ட மோரும் எலுமிச்சை ஜூஸும் வரும். விரதம் என்பதால் ஏழுமலை தன் பங்கைப் பக்கத்தில் வேலை செய்யும் தில்லிக்குக் கொடுத்துவிட்டு, பானைத் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடித்திருக்கிறான். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தில்லி அவனுடைய தோஸ்து. ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். விம்கோ நகரில் வீடு. ஏழுமலை குடித்துவிட்டு விழுந்த நாட்களில் எல்லாம் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் சேர்த்தவன் அவன்தான். திருவிழாவுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், ஏழுமலை தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பதை அவன் பார்த்தான். அப்புறம் ஏழுமலை காரணமில்லாமல் சிரித்திருக்கிறான். தில்லியைப் பவானி என்று கூப்பிட்டிருக்கிறான். நடை தள்ளாடியிருக்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். வேறு என்ன நினைக்க முடியும்?

உருக்கிய இரும்பு பக்கத்தில் இருக்கிற இடத்தில் குடித்துவிட்டு நின்றால் அன்றைக்கே வேலை போய்விடும். வேலை போனால் கஸ்தூரியும் போய்விடுவாள். தில்லிக்கு இரண்டும் தெரியும். அதனால் சூப்பர்வைசர் கண்ணில் படாமல் ஏழுமலையை மணல் குவியலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். குடித்தவனைத் தெளிய வைக்க எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதைச் செய்தான். தலையில் தண்ணீர் ஊற்றினான். சொம்பு சொம்பாகக் குடிக்க வைத்தான். வேண்டாம் என்றபோது மூக்கைப் பிடித்து ஊற்றினான்.

தெளியவில்லை. கீழே விழுந்தபோதுதான் பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கு ஓடி வந்தான். பின்னாலேயே பாதி ஷெட்டும் வந்தது. சூப்பர்வைசர் குனிந்து, "டேய் ஏழுமல, குடிச்சியாடா?" என்றார்.

ஏழுமலை கண்ணைத் திறந்தான். "குச்சேன்... தண்ணி... நெறிய" என்றான்.

இதுதான் அவன் வாயிலிருந்து வந்த கடைசிப் பேச்சு. வாசலில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. சூப்பர்வைசர் உதட்டைப் பிதுக்கிவிட்டு வெளியே போனார்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாயருகே முகர்ந்தார். நாக்கைப் பார்த்தார், ஈரமாக இருந்தது. விரல்களைப் பிடித்தார். மோதிரம் சதைக்குள் அழுந்தியிருந்தது. மணிக்கட்டில் காப்புக் கயிறும் இறுகியிருந்தது. "எந்தத் தண்ணி?" என்று கேட்டார். ஏழுமலை பதில் சொல்லும் நிலையில் இல்லை. தில்லியைப் பார்த்தார்.

"பான தண்ணி சார். தெளியட்டும்னு நாந்தான் குட்த்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

"காலைலர்ந்து அத்தான் குச்சிகினு இருந்தான் சார். அதுக்கு மேல எப்ப போட்டான்னு தெர்ல."

"என்ன சாப்பிட்டான்?"

"விரதம் சார். உப்பில்லா சோறு."

டாக்டர் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. மயங்கி வருகிறவனுக்கு வழக்கமாகப் போடுகிற குளுக்கோஸ் பாட்டிலை நான் அதற்குள் ஸ்டாண்டில் மாட்டிவிட்டேன். அவர் எழுந்து அதைக் கழற்றினார். "வேண்டாம். சக்கரைய ஒடம்பு எடுத்துக்கிடும். மிச்சம் வெறுந்தண்ணிதான். வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

ஆம்புலன்ஸில் நானும் போனேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம் போல வரிசை கட்டி நின்றன. சைரன் அடித்து என்ன பிரயோஜனம்? ஒதுங்க இடமிருந்தால்தானே ஒதுங்குவார்கள். போகும்போது டாக்டர் மெதுவாகச் சொன்னார். வியர்வையில் உப்புப் போயிற்று, சாப்பாட்டில் உப்பு வரவில்லை, உள்ளே போனது எல்லாம் வெறும் தண்ணீர். ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போனதால் தண்ணீர் செல்களுக்குள் இறங்குகிறது. கையும் காலும் வீங்கினால் தோல் கொஞ்சம் இடம் கொடுக்கும். "மண்டையோடு இடம் குடுக்காது சிஸ்டர்" என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஏழுமலைக்கு வலிப்பு வந்தது. நான் அவனை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கெட்டியான உப்புக் கரைசலை ஏற்றினார்கள். அதையும் அளவாகத்தான் ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் மூளைக்கு வேறு கெடுதல் வரும். செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்தார்கள். மறுநாள் காலையில் ஏழுமலை இறந்துபோனான்.

ஷெட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று சொல்லவே வேண்டாம். காப்புக் கட்டிக்கொண்டு குடித்தான், அம்மன் விடுவாளா என்றார்கள். டாக்டர் நிர்வாகத்திடம் விளக்கிச் சொன்னார், குடும்பத்துக்குச் சேர வேண்டியதும் சேர்ந்தது. ஆனால் ஆபீஸுக்குப் போன விளக்கம் டீக்கடைக்கு வரவில்லை. அவன் வாயாலேயே தண்ணி குடித்தேன் என்று சொன்னானே, அதுதான் நின்றது.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஆண்கள் தெருமுனையில் நின்றபோது தில்லி என்னிடம் வந்தான். "சிஸ்டரு, இன்னும் நாலு சொம்பு குட்த்திருந்தா தெளிஞ்சிருப்பான்ல? நான் பயந்துட்டேன், அதான் நிறுத்திட்டேன்" என்று கேட்டு அழுதான். அவன் தோளில் கை வைத்தேன்.

காரியம் முடிந்த பிறகு கஸ்தூரியைப் பார்க்கப் போனேன். ஏழுமலையின் பெயரையாவது அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். பவானி பள்ளிக்கூடம் போயிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"கஸ்தூரி, அவர் குடிக்கல" என்றேன்.

"ஆறுதலுக்கு சொல்றீங்க. அவரே சொன்னாராமே, தண்ணி குச்சேன்னு."

"அது பச்சத் தண்ணிம்மா."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. "பச்சத் தண்ணி குச்சி யார்னா சாவாங்களா சிஸ்டர்? நான் இன்னா கொயந்தையா?"

நான் விளக்கினேன். சவ்வைப் பற்றிச் சொன்னேன். திராட்சையைச் சொன்னேன், கருவாட்டைச் சொன்னேன். டாக்டர் எனக்குச் சொன்னதை அப்படியே, அவரைவிடத் தெளிவாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. நம்ப ஆரம்பித்துவிட்டாள் என்று தெரிந்ததும் எனக்கு உற்சாகமாகக்கூட இருந்தது. எப்படிப்பட்ட மடத்தனம்.

"உப்பு இருந்திருந்தா?" என்றாள்.

அவள் எங்கே வருகிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சோத்துல உப்பு இருந்திருந்தா அந்தத் தண்ணி உள்ள பூந்திருக்காதா?"

"இவ்ளோ போயிருக்காது."

அவள் அடுப்பு மேடையைப் பார்த்தாள். "ஒருநாளு கேட்டாரு சிஸ்டர். ரவையோண்டு உப்பு போடு கஸ்தூரி, நாக்கு செத்துப்போச்சுன்னாரு. அம்மனாண்ட வாக்கு குட்த்துட்டு பேச்சு வேறயான்னு நான் திட்டிட்டேன்."

உன் தப்பில்லை, உனக்கெப்படித் தெரியும், தெருவில் எல்லோரும் அப்படித்தானே சாப்பிட்டார்கள் என்று என்னென்னவோ சொன்னேன். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தில்லி அண்ணனுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"சொல்லிடாதீங்க. அந்தாளு தாங்க மாட்டாரு. இங்க வந்து அந்தச் சொவுத்துல தலைய முட்டிகினு அழுவுறாரு, இன்னும் கொஞ்சம் தண்ணி குட்த்திருந்தா பொழச்சிருப்பான்னு. யாராண்டயும் சொல்லாதீங்க. ஒருத்தராண்ட சொன்னா அவருக்கும் போயிடும்."

"அப்போ ஏழுமலை பேரு?"

"குடிகாரன் பொண்டாட்டியாத்தானே இத்தினி நாளா இருந்தேன். அப்டியே இருந்துட்டுப் போறேன்."

டாக்டரிடம் வந்து சொன்னேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "அந்தப் பிள்ள சொன்னபடியே இருங்க சிஸ்டர்" என்றார். அப்படியே இருந்தேன். அதற்கப்புறம் உலைப் பகுதியில் யாராவது காப்புக் கட்டியிருந்தால், அந்த நாட்களுக்கு வேறு இடத்தில் வேலை போடச் சொல்லி நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்தார். சில வருஷத்தில் அவர் ரிட்டையராகி ஊருக்குப் போனார். பிறகு நானும்.

என் வருத்தம் எல்லாம் பவானியைப் பற்றித்தான். தில்லிதான் அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டான், கல்லூரியில் சேர்த்தான், கஸ்தூரிக்குச் சொந்த அண்ணன் மாதிரி கூடவே நின்றான். பெண் கெட்டிக்காரியாக வளர்ந்தாள். ஆனால் அப்பா பேச்சை எடுத்தாலே முகம் இறுகிவிடும். அவள் நிச்சயதார்த்தத்துக்கு நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தர் அப்பா எப்படிப் போனார் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். பவானி தட்டை நீட்டிக்கொண்டே, "குடிச்சி செத்தாருங்க" என்றாள். கஸ்தூரி என் எதிரில்தான் இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

போன வருஷம் தில்லி மாரடைப்பில் இறந்துபோனான். கடைசிவரைக்கும் அவனுக்குத் தெரியாது. துக்கத்துக்குப் போய்விட்டு விம்கோ நகரில் அவன் வீட்டிலிருந்து நான் கிளம்பியபோது கஸ்தூரி ஆட்டோ பிடித்துத் தரக் கூடவே நடந்து வந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது அவளுக்கு.

"இனிமேலாவது சொல்லலாமா?" என்று கேட்டேன்.

யோசித்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தாள். "பவானியாண்ட சொல்லணும்க்கா. அவ அப்பன் குடிக்கலன்னு அவளுக்குத் தெரியணும்" என்றாள்.

"உப்பு விஷயத்தை விட்டுட்டுச் சொல்லவா?"

"அத்த வுட்டுட்டு எப்டிக்கா சொல்லுவீங்க? அத்த வுட்டா யாரு நம்புவா?" என்றாள். "முழுசா சொல்லிடுங்க. என் வாயால வராது. நான் பக்கத்து ரூம்ல இருக்கேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணலி புதுநகரில் பவானி வீட்டுக்குப் போனேன். கஸ்தூரி முன்னாடியே வந்திருந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை எனக்கு எந்த உற்சாகமும் இல்லை. திக்கித் திக்கித்தான் சொன்னேன். பவானி குறுக்கே பேசவில்லை. ஏழுமலை கொஞ்சம் உப்புக் கேட்டான் என்ற இடத்தில் மட்டும் புடவைத் தலைப்பை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

சொல்லி முடித்ததும் எழுந்து அந்த அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. கஸ்தூரி கட்டில் விளிம்பில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது. பவானி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா குடிக்கலையாம்மா?"

"குடிக்கல."

"ஒரு தபா கூடவா?"

"நான் திரும்பி வந்தப்புறம் ஒரு தபா கூட இல்ல" என்றாள் கஸ்தூரி. "பச்சத் தண்ணிதான் குச்சாரு."